மதராஸ் துணியும் மறைந்த பெயர்களும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு கடல் கடப்பதில் உடைக்கு ஒப்பானது வேறில்லை எனலாம். கோழிக்கோட்டுத் துறையிலிருந்து சென்ற துணி மேலைநாட்டில் 'காலிகோ' ஆயிற்று. மோசூல் நகரின் பெயரால் 'மஸ்லின்' வந்தது. பிரான்சு நாட்டு நீம் நகரின் பெயரே இன்று உலக இளைஞர் உடுத்தும் 'டெனிம்' என்பதில் ஒளிந்திருக்கிறது. நம் சங்கச் சான்றோர் ஆடையைக் 'கலிங்கம்' என்று வழங்கினர். கலிங்க நாட்டிலிருந்து வந்த துணியின் பெயரே நாளடைவில் ஆடைக்குப் பொதுப்பெயராயிற்று என்பர் அறிஞர். இவ்வாறு ஊர்ப்பெயர் நிலைத்தது. நெய்தவர் பெயர் நிலைத்ததா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினா நமக்குத் தோன்றியதற்கு ஒரு சிறு காரணம் உண்டு. கோலார் தங்கவயலின் பாலகாட் குடியிருப்பில் நாம் பள்ளிச் சிறுவராய் இருந்த நாளில், தீபாவளிக்கு எம் தந்தையாருக்கு வாங்கிய கட்டம்போட்ட கைலியின் மடிப்பில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஆங்கில எழுத்தில் 'பளையகாட்' என்று அச்சிட்டிருப்பர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயது அது. பொருள் தெரிந்த வயது அன்று. 'பாலகாட்' என்பதைத்தான் பிழையாக அச்சிட்டுவிட்டனர் என்றும், சுரங்கத்தில் உழைக்கும் நம் ஊராருக்கென்றே எங்கோ ஒருவர் கைலி நெய்து அனுப்புகிறார் என்றும் நாம் உறுதியாக நம்பினோம். அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியும் வந்தோம். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே, அது நம் பாலகாட் அன்று, சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காடு என்று அறிந்தோம். ஏமாற்றம் சிறிது இருந்தது உண்மையே. எனினும் அந்தத் தாளை மீண்டும் எண்ணிப் பார்க்கையில் வேறொன்று தோன்றியது. அதில் ஊர்ப்பெயர் இருந்தது. விற்பனை செய்தவர் முத்திரையும் இருந்தது. நெய்தவர் பெயர் மட்டும் இல்லை.

இன்று 'பிராண்டு' என வழங்கும் வணிக முத்திரைகள் இரண்டு ஒன்றுகூடி ஒரு சட்டையை வெளியிடுவதும், அதனைப் பெற மக்கள் விடியுமுன் வரிசையில் நிற்பதும் உலகின் பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டன. ஆடம்பர ஆடைத் தொழிலின் எதிர்காலமே இத்தகைய கூட்டுகளில்தான் இருக்கிறது என்று வணிக ஏடுகள் எழுதுகின்றன. புதியதென்று தோன்றும் இச்செய்திக்கு நம் கடற்கரையிலேயே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதனை ஒருமுறை நோக்குவது பயனுடையதாகும்.

பொதிமேல் பொறித்த பெயர்

பொருளின்மேல் முத்திரை பொறிக்கும் வழக்கத்தை மேலைநாட்டார் நமக்குக் கற்பிக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்து கிடந்த பொதிகளின்மேல் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்து அனுப்பிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அதே நகரின் பொதிகளில் பெயரும் எண்ணும் எழுத்தால் குறிக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். கி.பி. முதல் நூற்றாண்டளவில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்புளூசு' என்னும் கடற்செலவு நூல், 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர் கருத்து. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டிருக்கலாம் என்றும் கருதப்பட்டது.

அரசன் முத்திரை சுங்கத்துக்குச் சான்று. வணிகன் குறி உடைமைக்குச் சான்று. நெய்தவனின் கைத்திறனுக்குச் சான்றாக மூன்றாவது குறி ஒன்றை இவ்விலக்கியங்கள் காட்டவில்லை. இதனால் நெசவாளரை அக்காலத்தார் மதிக்கவில்லை என்று கொள்ளலாகாது. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் கைக்கோளர் பலர் கொடையாளராகக் காட்சி தருகின்றனர். கோயிலுக்குக் கொடுத்தபோது அவர் பெயரைக் கல் தாங்கிற்று. உலகுக்கு நெய்தபோது துணி தாங்கவில்லை.

பழவேற்காடும் மதராசும்

1610-இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வாணிக உரிமை பெற்றனர். 1613-இல் அங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பினர். அவர்கள் நாடி வந்தது நம் துணியை. ஆயினும் அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு செல்வது அவர்தம் முதல் நோக்கம் அன்று. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் விளைத்த மக்கள் வெள்ளிக் காசைக் காட்டிலும் சோழமண்டலக் கரையின் துணியையே விரும்பினர். ஆகவே இங்கே துணி வாங்கி, அதனை அங்கே கொடுத்து, நறுமணப் பொருள் பெற்று ஐரோப்பாவில் விற்றனர். எத்தீவார் எந்நிறம் விரும்புவர், எவ்வளவு பெரிய கட்டம் வேண்டுவர் என்னும் விவரம் வணிகர் வழியாகத் தறிக்காரரை வந்தடைந்தது. நேரில் காணாத மக்களின் விருப்பத்துக்கு ஏற்பப் பாவு ஓட்டிய கைகள் அவை. ஒல்லாந்தர் நாவில் பழவேற்காடு 'பாலியகட்டா' ஆயிற்று. ஆங்கிலேயர் 'புலிகாட்' என்றனர். அதன் எச்சமே எம் தந்தையாரின் கைலியில் ஒட்டியிருந்த தாள்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தின் பிரான்சிஸ் டே என்பார் 1639 ஆகஸ்டு 22 எனக் கொள்ளப்படும் நாளில் தமர்ல வெங்கடப்ப நாயக்கரிடம் மதராசப்பட்டினத்து மணல்வெளியைப் பெற்றதற்கும் துணியே காரணம். நல்ல துறைமுகம் இல்லாத அவ்விடத்தை அவர் தேர்ந்தமைக்கு, அப்பகுதியில் துணி நயமாகவும் மலிவாகவும் கிடைத்தது ஒரு முதன்மையான ஏது. கோட்டை எழுந்தபின் நெசவாளரும், நூற்போரும், சாயமிடுவோரும், வெளுப்போரும் சுற்றிலும் குடியமர்த்தப்பட்டனர். துணி வெளுப்போர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734-இல் நெசவாளர்க்கென அமைந்தது சின்னத்தறிப்பேட்டை. அதுவே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. ஆளுநர் காலட் காலத்தில் நெசவாளர்க்காக உருவான ஊர் அவர் பெயரால் காலட்பேட்டை எனப்பட்டுக் காலடிப்பேட்டையாகத் திரிந்தது. தறியின் பெயர் ஓரிடத்தில் நின்றது. ஆள்வோர் பெயர் ஓரிடத்தில் நின்றது. தறியில் அமர்ந்தவர் பெயர் எங்கும் நிற்கவில்லை.

1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்குத் துணி முதலிய சரக்குகள் கொண்ட ஒன்பது பொதிகளும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. நன்றி பாராட்டிய கல்லூரி அவர் பெயரை ஏற்று யேல் ஆயிற்று. மதராசில் ஈட்டிய செல்வத்தால் ஒரு மனிதரின் பெயர் முந்நூறு ஆண்டுகளாக உலகோர் நாவில் வாழ்கிறது. அச்செல்வத்துக்கு அடியில் நம் நாட்டுத் தறிகளின் ஓசை இருந்ததை எத்தனை பேர் அறிவர்?

கடல் கடந்த கைக்குட்டை

மதராசிலிருந்து சென்ற துணிகளுள் பெரும்புகழ் பெற்றது 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்னும் கட்டம்போட்ட துணியாகும். கைக்குட்டை என்று பெயரே தவிர, முகம் துடைப்பதற்கு ஆனது அன்று. ஒரு கெஜச் சதுரம் கொண்டது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இதற்கு இருந்த மதிப்பு வியப்புக்குரியது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதனை 'இஞ்சிரி' என்று அழைத்தனர். பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்கும், இறந்தோர் கிடத்தப்படும் அறையை அணிசெய்வதற்கும் இதனையே பயன்படுத்தினர். அதே நாட்டின் இக்போ மக்கள் மதராசிலிருந்து வந்த துணியை 'ஜார்ஜ்' என்றனர். புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரே அவ்வாறு நின்றது என்று கருதப்படுகிறது.

கலபாரிப் பெண்டிர் இத்துணியை வாங்கியவாறே உடுத்துவதோடு நில்லாமல், கூரிய கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, முன்பு இல்லாத புதியதோர் கோலத்தை அதில் தோற்றுவித்தனர். 'பெலெடே பிடே' எனப்படும் அக்கலை இன்றும் பேசப்படுகிறது. இழை சேர்த்தவர் சோழமண்டலக் கரையில் இருந்தார். இழை நீக்கி அழகு செய்தவர் நைஜர்க் கரையில் இருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் இருவர் கையும் ஒரே துணியில் சந்தித்தன. கூட்டுப்படைப்பு என்ற சொல்லுக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வணிகர் ஏற்றிச் சென்ற 'கினே' என்னும் நீலத்துணி செனகல் கரையில் ஏறத்தாழப் பணமாகவே வழங்கிற்று. பிசினுக்கும் அது விலையாயிற்று, மனிதருக்கும் விலையாயிற்று. நம் நெசவாளர் அறியாமலே அவர் கைவேலை அடிமை வாணிகத்துக்குத் துணை போனது.

அடிமைகளாகக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழியினர் அங்கே தலையில் கட்டிய கட்டத்துணிக்கும் 'மதராஸ்' என்றே பெயர். மார்த்தினிக், குவாதலூப்பு, செயின்ட் லூசியா, தொமினிக்கா ஆகிய தீவுகளில் அது மரபுடையின் உறுப்பாக இன்றும் விளங்குகிறது. அடிமை முறை 1848-இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். 1853-இல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் 'ஒரேலி' என்னும் கப்பல் அவர்களை இறக்கிற்று. மொழி தெரியாத அக்கரையில் கால் வைத்த நம்மவர், எதிரே நின்ற கறுப்பினப் பெண்டிர் தலையில் தம் நாட்டுக் கட்டத்துணியைக் கண்டிருப்பர் அன்றோ! துணி முன்னே சென்றது. மக்கள் பின்னே சென்றனர். துணிக்கு அங்கே பெயர் இருந்தது. மக்களுக்குக் கப்பலின் பதிவேட்டில் எண் இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்ற குடும்பத்தார்க்கு இக்காட்சி நெஞ்சைத் தொடாமல் இராது.

சாயம் போவதே சிறப்பு

இனி, இக்கால வணிக முத்திரைக் கூட்டுகளுக்கு முன்னோடி எனத்தக்க நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். நியூயார்க்கில் 1818-இல் தோன்றிய 'புரூக்ஸ் பிரதர்ஸ்' அமெரிக்காவின் பழம்பெரும் ஆடை நிறுவனங்களுள் ஒன்று. கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் படைப்பணியிலிருந்து விலகிக் கைத்தறி ஏற்றுமதியில் ஈடுபட்டவர். பிற்காலத்தில் லீலா விடுதிகளை நிறுவியவர். அவர் பலமுறை சொல்லிவந்த வரலாறு பின்வருமாறு.

1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து நாயரிடம் மதராஸ் கட்டத்துணியைக் கண்டார். அவுரி, மஞ்சள் முதலியவற்றால் சாயமேற்றியது அது. தனியொரு மணமும் உடையது. கெஜம் ஒரு டாலர் என்று விலை பேசிப் பத்தாயிரம் கெஜம் வாங்கினார். தண்ணீரில் மெல்ல அலச வேண்டும், முரட்டுத்தனமாகத் துவைத்தால் சாயம் போகும் என்று நாயர் சொல்லி அனுப்பினார். துணியை வாங்கிய புரூக்ஸ் பிரதர்ஸுக்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை. சட்டைகளும் மேலங்கிகளும் விற்பனையாயின. வாங்கியோர் இயந்திரத்தில் இட்டுத் துவைத்தனர். ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் கலந்து ஓடிற்று. வாங்கியோர் சினந்தனர், வழக்கறிஞர் கூடினர், நாயர் அமெரிக்காவுக்கு அழைக்கப்பட்டார்.

இந்நிலையில் 'செவன்டீன்' என்னும் அமெரிக்க இதழின் ஆசிரியர் நாயரைச் சந்தித்து, ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் மாறிப் புதுப்பொலிவு பெறும் கீழ்த்திசைத் துணி என்று பல பக்கங்களில் எழுதி வெளியிட்டார். குறை என்று எண்ணியது ஒரே நாளில் நிறையாயிற்று. சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருவதே விளம்பரமாயிற்று! 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரோடு அத்துணி அமெரிக்கக் கல்லூரி இளைஞரிடையே பரவியது. 1960-களில் அத்துணியில் சட்டை அணிவது செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளின் அடையாளமாயிற்று.

நம் வீடுகளில் புதுக் கைலியை முதல் நாள் தனியே நனைத்து வைக்கும் வழக்கத்தை அறியாத தாய்மார் உண்டோ? உப்புநீரில் ஊறவைத்துச் சாயத்தை நிறுத்துவர். நம் தாயார் அறிந்த அச்சிறு செய்தி ஒரு பெருநிறுவனத்துக்குத் தெரியாமற் போனதால் வழக்கே எழுந்தது. துணியைப் பற்றிய அறிவு தறியில் இருந்தது. துணியைப் பற்றிய பெயர் கடையில் இருந்தது. இரண்டுக்கும் இடையே பேச்சு இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வரலாற்றில் ஏற்றுமதியாளர் பெயர் வருகிறது. இறக்குமதியாளர் பெயர் வருகிறது. கடையின் பெயரும் இதழின் பெயரும் வருகின்றன. அந்தப் பத்தாயிரம் கெஜத்தைக் குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து நெய்த கைகள் எவருடையவை? வரலாற்றைச் சொல்வோர் அதனைக் கேட்கவே இல்லை. மதராஸ் நகரின் பெயர் 1996-இல் சென்னை என மாறியது. அமெரிக்கக் கடைகளில் துணியின் பெயர் இன்றும் மதராஸ்தான்.

ஒரு சட்டை, இரு பெயர்கள்

பெரும்புகழ் பெற்ற இரு முத்திரைகள் கைகோப்பது இப்பொழுது வணிக உலகின் நடைமுறையாகிவிட்டது. 2004-இல் கார்ல் லாகர்ஃபெல்ட் என்னும் உயர்விலை ஆடை வடிவமைப்பாளர், மலிவு விலை ஆடை விற்கும் 'எச் அண்டு எம்' நிறுவனத்தோடு இணைந்தபோது ஆடையுலகம் வியந்தது. 2017-இல் பிரான்சின் 'லூயி வித்தான்', நியூயார்க்கின் தெருவோர இளைஞர் முத்திரையான 'சுப்ரீம்' என்பதோடு இணைந்தது. ஒருவர் பழமையின் மதிப்பைத் தருகிறார். மற்றவர் இளமையின் கூட்டத்தைத் தருகிறார். இருவரும் பயனடைகின்றனர்.

இக்கூட்டு இந்தியக் கைவினையைத் தொடும்போது சிக்கல் பிறக்கிறது. 2021 ஆகஸ்டில் கொல்கத்தாவின் சப்யசாச்சி முகர்ஜி 'எச் அண்டு எம்' நிறுவனத்தோடு இணைந்து வெளியிட்ட ஆடைகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. ஆனால் கைவினை அமைப்புகள் பல கூடி அவருக்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதின. கையால் அச்சிடும் மரபிலிருந்து எழுந்த கோலங்கள் இயந்திரத்தில் அச்சாகிவிட்டன, கைவினைஞருக்கு வேலையாக அது வந்து சேரவில்லை என்பது அவர்தம் குறை.

2023 மார்ச்சு 30 அன்று பாரிசின் 'தியோர்' நிறுவனம் மும்பை இந்திய நுழைவாயிலின் முன் தன் ஆடைக் காட்சியை நடத்தியது. அந்நிறுவனத்துக்காகப் பல ஆண்டுகள் கைத்தையல் செய்துவந்த மும்பை 'சாணக்கியா' பட்டறையின் பெயர் அன்று உலகறியச் சொல்லப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்பே, பாரிசின் புகழ்பெற்ற கைத்தையல் குடும்பமான லெசாழ் மரபில் வந்த ஒருவர் 1990-களில் சென்னையில் பட்டறை அமைத்து, நம் கைவினைஞரைக் கொண்டு உயர்தரக் கைத்தையல் பணி நடத்தத் தொடங்கினார். எனவே பாரிசுக்கும் சென்னைக்கும் இத்துறையில் உறவு புதியது அன்று. அவ்வுறவை வெளிப்படச் சொல்வதே புதியது.

2025 ஜூன் மாதம் இத்தாலியின் 'பிராடா' நிறுவனம் மிலான் நகரில் காட்டிய காலணிகள் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்திருந்தன. அப்பெயர் அங்கே சொல்லப்படவில்லை. கோலாப்பூர்ச் செருப்பு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மகாராட்டிரத்தின் நான்கு மாவட்டங்களும் நம் கருநாடகத்தின் நான்கு மாவட்டங்களும் அக்குறியீட்டில் அடங்கும். எதிர்ப்பு எழுந்தபின் அந்நிறுவனம் தன் தூண்டுகோல் இன்னதென ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இரு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களோடு உடன்பாடும் செய்து, இங்கேயே இரண்டாயிரம் இணை செய்வித்து விற்பதாக அறிவித்தது. பெயரைக் கேட்டுப் பெற இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இன்னொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. மதராஸ் துணியை அமெரிக்காவில் பரப்பிய புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இருநூறு ஆண்டுகளைக் கடந்து, 2020 ஜூலையில் நொடிப்பு மனுச் செய்தது. அவ்வாண்டிலேயே 32.5 கோடி டாலருக்கு அதனைப் பிறர் வாங்கினர். அமெரிக்காவில் இருந்த அதன் தையற்கூடங்கள் மூடப்பட்டன. பெயரோ இன்றும் கடைகளில் தொங்குகிறது. பெயர் ஒரு தனி உடைமை. கூடம் போனாலும் அது விலை போகும் என்பது இதனால் தெளிவாகிறது.

தங்கவயலின் படிப்பினை

இவ்வுண்மையை நம் தங்கவயலார்க்கு எவரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. 1880-இல் இலண்டன் ஜான் டெய்லர் குழுமம் இங்கே காலூன்றியபின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் நிறுவனங்களின் பெயரால் வளர்ந்தன. வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் குடிபெயர்ந்து வந்து உழைத்தனர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து இங்கே மின்னாற்றல் வந்தது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே நம்மவர் இறங்கினர். நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் வெளிவந்தது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாலகாட் நிறுவனத்தின் கணக்கேடுகள் முடிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பெயரோ நம் முகவரியில் இன்றும் இருக்கிறது.

எம் தந்தையார் சுரங்கத்தில் இறங்கும்போது கொண்டு செல்லும் பித்தளை வில்லையில் அவர் பெயர் இல்லை, எண் இருந்தது. பொன் உருகினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். எவர் வெட்டிய பாறையில் எது வந்தது என்று சொல்ல இயலாது. ஆதலின் பொன்னில் பெயர் பொறிக்காததைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். துணி அத்தகையது அன்று. ஓர் ஆடையை ஒருவர் நெய்கிறார், ஒருவர் வெட்டுகிறார், ஒருவர் தைக்கிறார். அவர் இன்னார் என்று அறிதல் இயலாத காரியம் அன்று.

எம் தங்கை மகள் நாள்தோறும் விடியலுக்கு முன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூரில் ஓர் ஆடைத் தொழிற்கூடத்துக்குச் சென்று வருகிறாள். தங்கவயலிலிருந்து அவ்வாறு செல்வோர் ஆயிரக்கணக்கானோர் என்பது நம் வாசகர் அனைவரும் அறிந்ததே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "மாமா, இந்த மாசம் ஒரு சட்டைக்கு இரண்டு கம்பெனிப் பட்டி தைக்கிறோம். இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. தைக்கிறவங்க பேருக்கு மட்டும் இடமே இல்லையா?" என்று கேட்டாள். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரினும் எண்ணே பெரிதாக இருந்தது. எம் தந்தையாரின் பித்தளை வில்லை அன்று நம் நினைவுக்கு வந்தது. அவள் வினாவுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அவ்வினாவே.

மூன்றாம் பெயர்

விடை கூறும் முயற்சிகள் நம் நாட்டில் நடவாமல் இல்லை. 1999-இல் இயற்றப்பெற்றுப் 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம், செட்டிநாட்டுக் கண்டாங்கி, திருபுவனம் பட்டு எனப் பல துணிகள் தம் ஊர்ப்பெயருக்குக் காப்புப் பெற்றன. 2015 ஆகஸ்டு 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி நாளில், இந்தியக் கைத்தறி முத்திரை சென்னையில் தொடங்கப்பெற்றது. இவை ஊரைக் காக்கும். ஆளைக் காட்டா.

ஆளையும் காட்டிய முயற்சி ஒன்று உண்டு. 1935-இல் தோன்றிய தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகிய 'கோ-ஆப்டெக்ஸ்', 2010-களில் தன் சேலைகள் சிலவற்றில் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட சீட்டை இணைத்து விற்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பொதிமேல் இல்லாத மூன்றாம் பெயர் ஒரு சிறு சீட்டில் வந்து சேர்ந்தது. அதனால் சேலையின் மதிப்பு குறையவில்லை, கூடவே செய்தது.

பெயர் ஒன்றே போதுமா என்று கேட்கலாம். போதாது. கூலி இல்லாத புகழ் அடுப்பை எரிக்காது. நெய்தவர் படத்தை அச்சிட்டு அழகு பார்த்துவிட்டு அவர் கூலியைக் குறைப்பாராயின், அது புதியதொரு விளம்பரமாகவே முடியும். ஆயினும் பெயர் தெரிந்த ஒருவரை ஏமாற்றுவது, எண்ணாக மட்டும் இருக்கும் ஒருவரை ஏமாற்றுவதைப் போல் எளிது அன்று. கேள்வி கேட்பதற்கு முதற்படி இன்னார் செய்தார் என்று அறிவதே ஆகும்.

ஆடம்பர ஆடையின் எதிர்காலமும் இதில்தான் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கோலத்தை இயந்திரம் ஒரு நொடியில் படியெடுக்கும். முத்திரைப் பெயரைப் பணம் உள்ளவர் விலைக்கு வாங்குவர். இரண்டு முத்திரைகள் இணைவது புதுமை என்ற நிலையும் நாளடைவில் மறையும். ஒருவர் கையின் தனித்தன்மையை மட்டும் அவரிடமிருந்து பிரித்து விற்க இயலாது. உயர்ந்த விலை கொடுப்போர் நாளை அதனையே கேட்பர். அன்று நம் நெசவாளரும் தையற்காரரும் பெயரில்லாத கூட்டமாக நிற்றல் ஆகாது.

நாம் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவர். கோப்பில் குறிப்பு எழுதி முடித்ததும் அடியில் இடப்பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவது எங்கள் முறை. மேலே செல்லச் செல்லப் பெரிய அதிகாரிகள் எத்தனை பேர் ஒப்பமிட்டாலும், அந்த முதற் சுருக்கொப்பத்தை எவரும் அழிப்பதில்லை. இருபது ஆண்டு கழித்துக் கோப்பைப் பிரிப்பவரும் முதலில் எழுதியவர் யார் என்று அறியலாம். அரசாங்கத்தின் பழுப்பேறிய தாளுக்கு உள்ள இந்த ஒழுங்கு, ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் சட்டைக்கு இல்லாமல் இருப்பது முறையா?

அடுத்த முறை எம் தங்கை மகள் கேட்டால் கூறுவதற்கு நம்மிடம் இப்பொழுது ஒரு விடை உண்டு. இடம் இருக்கிறது, அம்மா. பட்டியின் பின்புறம் முழுவதும் வெறுமையாகவே இருக்கிறது. அதில் எழுதுமாறு கேட்கும் குரல்தான் இன்னும் போதிய அளவு எழவில்லை. இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இனி ஒரு சேலையோ கைலியோ வாங்கும்பொழுது, விலையைக் கேட்டபின், "இதை நெய்தவர் யார்?" என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். நூறு பேர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பல்லாயிரவர் கேட்டால் விடை தேடுவார்.